புதுப்பிப்பு: திடீரென்று கால் விழுந்த சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு

முந்தைய நாள் வரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு மாதக் குஞ்சு, காலையில் எழ முடியாமல் கணுக்காலில் உட்கார்ந்து தவழ்ந்தது என்று எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. இப்போது நடக்கிறது!

பலரும் மாரெக்ஸ் (கோழிகளுக்குக் கால் விழவைக்கும் வைரஸ் நோய்) என்று சொன்னீர்கள். எனக்கும் அந்தப் பயம்தான். கால்நடை மருத்துவர் முதலில் விரல்களைத்தான் பார்த்தார். இரண்டு பாதங்களிலும் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, கைமுட்டி மடக்கியதுபோல் இருந்தன. மாரெக்ஸில் பெரும்பாலும் ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீளும். அதற்கு மருந்தும் இல்லை. இது வைட்டமின் பி2 சத்துக் குறைவு என்றார். கம்பெனித் தீவனம் தீர்ந்தபின் நொய்யும் கம்பும்தான் போட்டு வந்தோம். தானியத்தில் அந்தச் சத்து குறைவு.

பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்தை அலகோரம் விட்டோம், தண்ணீரிலும் கலந்தோம். வெயில் பட்டால் பி2 கெட்டுவிடுமாம், அதனால் தண்ணீர்த் தட்டு நிழலில்தான். குஞ்சுத் தீவனத்தோடு அவித்த ஈரலும் கொஞ்சம். தனிக்கூண்டு அவசியம், மற்றவை கொத்தியே கொன்றுவிடும்.

இடது காலில் ஒரு விரல் மட்டும் இன்னும் மடங்கியே இருக்கிறது. நரம்பு நாள்பட்டுக் கெட்டிருந்தால் நிமிராதாம். சரி, ஓடுகிறதே, போதும்.

அப்புறம், மாரெக்ஸ் தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டும். கலந்த மருந்து ஓரிரு மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. அதனால் அடுத்த அடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து வாங்கப் போகிறேன்.