ஹாஃப்லிங்கர் அரபுக் குதிரையா?

மலைக்காற்று:
ஆல்ப்ஸ் மலைக் குதிரை இனமான ஹாஃப்லிங்கரைப் பற்றி, "ஹாஃப்லிங்கர் என்பது அரபுக் குதிரையின் மலை வடிவம்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இந்த இனத்தின் மூலப் பொலிக்குதிரை ஃபோலி, 1874-இல் டைரோல் மலைநாட்டு ஷ்லுடெர்ன்ஸில் பிறந்தது. அப்பன் 'எல் பெடாவி 22' என்ற குதிரை பாதி அரபு, தாய் உள்ளூர்ப் பெட்டை. ஆக ஃபோலிக்குக் கால் பங்கு அரபு ரத்தம். வெறும் கால் பங்கு!

சேணம்:
எழுதியது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். இன்றைய ஏழு ஆண்வழிகளும் ஃபோலியில்தான் போய் முடிகின்றன. அந்தச் சிறிய முகமும் பெரிய கண்ணும் வேறு எங்கிருந்து வந்தன?

மலைக்காற்று:
அப்பன்வழியை மட்டும் எண்ணுகிறீர்கள். உள்ளூர்ப் பெட்டையோடு சேரச்சேர கால் அரைக்காலாகும், அரைக்கால் மாகாணியாகும்.

சேணம்:
ஃபோலியின் வாரிசுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் மாகாணியாகாது. இனப்பெருக்கம் தெரிந்தவர் இதை மறைக்கக் கூடாது.

லாடம்:
பங்கு பிரித்தது போதும். இதன் பெருமை காலில் இருக்கிறது. உயரம் சுமார் 140–150 செ.மீ., கெட்டிக் குளம்பு, சரிவில் தடுமாறாத நடை. ஆஸ்திரிய ராணுவம் பொதி சுமக்க இன்றும் இதைத்தான் வைத்திருக்கிறது. சத்துக் குறைந்த புல்லில் வாழ்ந்த உடம்பு இது. செழித்த மேய்ச்சலில் விட்டால் கொழுத்துவிடும், லாமினிடிஸ் என்ற குளம்பு நோய் வரும், குளம்புச்சுவர் உள்ளெலும்பைப் பிடித்திருக்கும் பிடி விட்டுப்போகும். எடை குறைய வேண்டிய 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஏழு கிலோ காய்ந்த புல், தராசில் நிறுத்து. கையால் அள்ளிப் போடும் கணக்கு உதவாது.

புல்வெளி:
புல்லை ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொல்ல மறந்துவிட்டீர்கள். சர்க்கரை கரையும்.

லாடம்:
மறக்கவில்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் குதிரை முன்னால் வைப்பவர்களிடம் முதலில் சொல்லுங்கள். கரைந்த சர்க்கரை வயிற்றுக்கே திரும்பப் போகும். தாதுக்களும் கரைவதால் தாது உப்பு தனியாகச் சேர்க்க வேண்டும்.

புல்வெளி:
வாய்க்கூடை போட்டு மேய விட்டால் இந்தப் பாடே இல்லை.

லாடம்:
கூடை போட்டாலும் இளந்தளிர் உள்ளே போகும். வசந்தத்தில் கூடையை மட்டும் நம்புவது தப்பு.

சேணம்:
கொழுப்பது இருக்கட்டும். இது ஆஸ்திரியக் குதிரை என்றும் சிலர் கிளம்புவார்கள். இதற்குப் பெயர் தந்த ஹாஃப்லிங் கிராமம் மெரானோ நகரத்துப் பக்கம். முதல் உலகப்போர் முடிந்து வந்த 1919 ஒப்பந்தத்துக்குப் பின் அது இத்தாலி.

மலைக்காற்று:
பெட்டைகள் பெரும்பாலும் இத்தாலியில், நல்ல பொலிக்குதிரைகள் ஆஸ்திரியாவில் என்று பிரிந்த கதை எங்களுக்கும் தெரியும். லிப்பிசானர் குதிரை இனம் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் கேள்வியிலிருந்து நழுவினீர்கள். திரும்பவும் கேட்கிறேன்: ஃபோலியின் முக்கால் பங்கை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

சேணம்:
முகத்தைப் பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது.

மலைக்காற்று:
முகம் கணக்கு ஆகாது. முக்கால் பங்கு எங்கே?