‘எதிர்முழக்கம்’ போதுமா? அரங்க ஒலியியலுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒலிமூலம் நின்ற பின்னும் கூடத்தில் ஒலி தங்கி அடங்குவதை (reverberation) குறிக்கப் பாடநூல்களில் புழங்கும் ‘எதிர்முழக்கம்’ அரங்க ஒலியியல் ஆய்வேடுகளில் இடறுகிறது. ‘எதிர்’ என்றதுமே எதிரொலி நினைவுக்கு வரும். எதிரொலி தனியாகப் பிரிந்து கேட்கும். இதுவோ சுவர், கூரை, தரை எங்கும் பட்டுத் தெறித்த ஒலிகள் பிரித்தறிய முடியாமல் கலந்து அடங்குவது. ‘முழக்கம்’ ஓசை பெரிது என்று எண்ண வைக்கும். நாம் அளப்பது ஓசை அடங்கும் நேரத்தை.

1895இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் அளந்ததும் அதைத்தான். 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழலை நிறுத்திய பின்னும் ஏறத்தாழ ஐந்தரை வினாடிக்கு ஒலி கேட்டது. முதல் சொல் அடங்குவதற்குள் பேச்சாளர் பல சொற்களைத் தாண்டியிருப்பார். சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போடப் போட நேரம் குறைந்தது. அந்த உழைப்பில் பிறந்ததே இன்றைய சூத்திரம்: கன மீட்டரில் கூடத்தின் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, சதுர மீட்டரில் மொத்த உட்கவர்ச்சியால் (கூடத்தின் பரப்புகளும் பொருள்களும் ஒலியை விழுங்கும் அளவால்) வகுப்பது.

‘தேய்வொலி’ என்று வைக்கலாமா?

———

> ‘தேய்வொலி’ என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. ‘தேய்வொலி நேரம்’ வரை சரி. ‘தேய்வொலி அறை’ என்றால் ஒலியை விழுங்கும் அறை என்றாகிவிடும். நாம் குறிப்பதோ கெட்டிச் சுவர்களால் ஒலியை நெடுநேரம் நிறுத்திவைக்கும் ஆய்வறை. ‘நீடொலி’ என்றால் நீடொலி நேரம், நீடொலி அறை இரண்டும் நிற்கும்.

‘தேய்வு’ இன்னொன்றுக்கு வேண்டும். நீடொலி நேரம் என்பது 60 டெசிபல் சரிய ஆகும் நேரம். ஆனால் ஆளில்லா அரங்கிலும் குளிர்சாதன இரைச்சல் சரிவின் வாலை, அதாவது கடைசிப் பகுதியை, மூடிவிடும். அதனால் தொடக்க அளவை 0 எனக் கொண்டு −5 முதல் −35 டெசிபல் வரை சரியும் நேரத்தை அளந்து இரண்டால் பெருக்குகிறோம். அதற்கே ஒலி இரைச்சலைவிட 45 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். குறைந்தால் வால் தட்டையாகி, நேரம் கூடுதலாகக் காட்டும். முதல் 10 டெசிபல் சரியும் நேரத்தை ஆறால் பெருக்குவது வேறோர் அளவு. அதை ‘முன்தேய்வு நேரம்’ எனலாம். இசை ஓடும்போது அடுத்த சுரம் வந்து மூடிவிடுவதால், காது உணர்வது பெரும்பாலும் இந்த முற்பகுதியைத்தான். பால்கனிக்கு அடியில் பின்வரிசைகளில் இரண்டு அளவும் விலகிப்போகும். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் அட்டவணை குழம்பும்.

———

> இசைக்காரர்களிடம் ‘கார்வை’ இருக்கிறதே?

அழகான சொல், ஆனால் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தும் கார்வை பாடுபவர் கையில் இருக்கிறது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அவர் நிறுத்திய பிறகு கூடம் தருவதே நீடொலி. என் ஒப்புதல் ‘நீடொலி’க்கே. ‘சங்கு ஊதுவதும் நீடொலிதானே’ என்று யாராவது கேட்கலாம். ‘ஒலிமூலம் நின்ற பின்’ என்பதை வரையறையிலேயே சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

இன்னும் இரண்டு அடைமொழி தேவை: வெற்றரங்கு, நிறையரங்கு. மனித உடலும் உடையும் ஒலியை நன்றாக உட்கவரும். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்குக்குச் சொல்லப்படும் சுமார் 1.9 வினாடி, நிறையரங்கு நீடொலி நேரம். அடைமொழி இல்லாத எண்ணை அட்டவணையில் சேர்க்காதீர்கள். அது 500, 1000 ஹெர்ட்ஸ் அலைவெண்களில் அளந்த நேரங்களின் சராசரியா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.