மறு: மறு: பறவை மார்பெலும்பின் முகட்டுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

சு., தருமபுரி:
அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குப் பறவை உடலமைப்புச் செய்முறைத் தாள் ஒன்று தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மார்பெலும்பின் நடுவில் மெல்லிய தகடாகப் புடைத்து நிற்கிறதே, ஆங்கிலத்தில் கீல் என்பது, அதற்குத்தான் சொல் வேண்டும்.

உரித்த கோழியை மேசையில் வைத்தே காட்டப்போகிறேன். மேலே உள்ள பெரிய நெஞ்சுத்தசை இறக்கையைக் கீழே அடிக்கிறது. அதை விலக்கினால் அடியில் ஒடுக்கமாக இன்னொரு தசை. அதன் வெள்ளை நாண் தோளெலும்புகளுக்கு இடையிலுள்ள துளை வழியாக மேலேறி, கிணற்று உருளையில் கயிறு திரும்புவதுபோல் திரும்பி, மேற்கை எலும்பின் மேற்பக்கத்தில் ஒட்டுகிறது. நெஞ்சில் இருக்கும் தசையை இழுத்தால் இறக்கை மேலே எழும்பும்! இரண்டு தசைக்கும் பிடிமானம் இந்த முகடுதான். 'மார்பெலும்பு நீட்சி' என்று எழுதிப் பார்த்தேன். எலும்பு நீளமாக வளர்ந்திருப்பதாகப் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

அ., தூத்துக்குடி:
ஏரா. யோசிக்கவே வேண்டாம். தோணியின் அடிமரம் ஏரா, ஏராக்கட்டை. மற்ற மரமெல்லாம் அதன்மேல்தான் ஏறும். லத்தீன்காரர்களும் கப்பலின் ஏராவைச் சொல்லும் 'கரீனா'வைத்தானே பறவைக்கு எடுத்துக்கொண்டார்கள்? ஏராப் பறவைகள், ஏராவிலிப் பறவைகள் என்று இரண்டாகப் பிரிக்கவும் வசதி. தீக்கோழி, ஈமு, கிவி எல்லாம் இரண்டாம் வகை.

புலவர் வே.:
தம்பி சொன்னது நல்ல சொல். ஆனால் வேர் பார்க்க வேண்டாமா? நிலத்தைக் கீறுவது ஏர், நீரைக் கீறுவது ஏரா என்று எளிதாக முடித்துவிடலாம். எனக்கு அதில் நிறைவில்லை. 'உலகம் உவப்ப வலனேர்பு திரிதரு' என்று முருகாற்றுப்படை தொடங்குகிறது. அங்கே ஏர்பு என்றால் எழுந்து. ஏர்தல் எழுதல். எலும்பிலிருந்து எழுந்து நிற்பதும் அதுவே, பறவையை எழச் செய்வதும் அதுவே. ஆகவே ஏரா பறவைக்கே உரிய சொல், கப்பலுக்குப் பிறகுதான் போயிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். விரிவாக நாளை எழுதுகிறேன்.

ந., பெங்களூரு:
ஐயா, முருகாற்றுப்படை வரை போய்விட்டோம், டீச்சருக்கு வெள்ளிக்கிழமை கெடு. பேசாமல் 'கீல்' என்றே எழுதலாமே? மேலே படிக்கும்போது அந்தச் சொல்தான் வரப்போகிறது. 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடமொழி எழுத்தை விலக்கிவிட்டுச் சொல்லை எடுத்துக்கொள்ள, தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார்.

அ., தூத்துக்குடி:
தொல்காப்பியர் எழுத்துக்குத்தான் வழிவிட்டார், குழப்பத்துக்கு இல்லை. கீல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: மூட்டு. கீல்வாதம் கேள்விப்பட்டதில்லையா? 'கீல் எலும்பு' என்றால் முழங்காலைத் தடவிப் பார்ப்பார்கள். தாருக்கும் கீல் என்ற பேர் உண்டு. தோணிக்காரரிடம் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் ஏராவின்மேல் பூசிவிடுவார்.

சு., தருமபுரி:
ஏரா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பிள்ளைகளில் பலர் கடலையே பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த படகு ஒகேனக்கல் பரிசல். அதற்கு ஏராவே கிடையாது! 'நெஞ்சுமேடு' என்றால் கேட்டவுடன் கையை வைத்துக் காட்டுவார்கள். 'பறப்புமேடு' என்றால் வேலையும் விளங்கிவிடும்.

ச., யாழ்ப்பாணம்:
பறப்புமேடு வேண்டாம் அம்மா. பெங்குயின் பறக்காது, ஆனால் முகடு நன்றாகவே இருக்கிறது. தண்ணீருக்குள் அது துடுப்பைக் கீழே அடிப்பதோடு மேலே தூக்கவும் பலம் வேண்டும், அந்த அடித்தசை அதற்குப் பெருத்துத்தான் இருக்கும். வௌவாலுக்கும் சிறு முகடு உண்டு. பேர் வேலையைச் சொன்னால் இப்படி ஒவ்வொன்றாக விதிவிலக்கு வந்து நிற்கும். வடிவத்தைச் சொன்னால் தொல்லையில்லை.

ஏரா பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. பொருளுக்கு வெளியே என்று தெரியும், மன்னிக்கவும்.

அ., தூத்துக்குடி:
டீச்சர், உங்கள் பரிசலே போதும்! ஏராவிலிப் பறவைகளுக்கு லத்தீனில் வைத்த பேர் 'ரட்டிடே'. அதன் வேர் தெப்பம். அடிப்பக்கம் தட்டை, பிடிமானத்துக்கு முகடில்லை, பெரிய பறப்புத்தசை ஒட்ட இடமில்லை. பரிசலை ஒரு பக்கமும் தோணியை ஒரு பக்கமும் வரையுங்கள். தீக்கோழி மார்பெலும்பையும் புறாவினுடையதையும் கீழே போடுங்கள். சொல் தானாக ஏறிவிடும்.

புலவர் வே.:
பரிசலுக்கும் வேர் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ந., பெங்களூரு:
ஐயா, வேண்டாம்.

மட்டுறுத்துநர்:
இதுவரை ஏராவுக்கு நால்வர், நெஞ்சுமேட்டுக்கு இருவர், கீலுக்கு ஒருவர். பறவையின் வாயை அலகு என்பதா மூக்கு என்பதா என்ற வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்துத் தண்ணீர் வடிகட்டும் உறுப்பை மூக்கு என்று எழுதியவருக்கு அங்கே பதில் வந்திருக்கிறது.

சு., தருமபுரி:
சரி. 'ஏரா' என்று தடித்த எழுத்தில் போட்டு, அடுத்த வரியிலேயே 'மார்பெலும்பின் நெஞ்சுமேடு' என்று விளக்கம் கொடுத்துவிட்டேன். பரிசல் படமும் சேர்த்தாயிற்று. தாள் அச்சுக்குப் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி.

ந., பெங்களூரு:
நல்லது டீச்சர். ஆனால் தேர்வு வினாத்தாளை உங்கள் தாளைப் பார்த்தா எடுப்பார்கள்? அங்கே 'கீல்' என்று வந்தால் உங்கள் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்?