டோக்கியோவில் குழந்தைகளுக்கு ஆங்கிலம்: டிபென்டன்ட் விசாவில் பகுதிநேர வேலை தொடங்குவது எப்படி?

நிஷிகசாய்_வாசி
வணக்கம். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து டிபென்டன்ட் விசாவில் இருக்கிறேன். பக்கத்தில் உள்ள சிறுவர் எய்க்காய்வா (ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி) பள்ளி ஒன்று வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு நான்கு வகுப்பு தருவதாகச் சொல்கிறது. வகுப்பு 50 நிமிடம், சம்பளம் வகுப்புக் கணக்கில் 1,500 யென். முதலில் 20 நிமிட டெமோ. என்ன அனுமதி வாங்க வேண்டும்? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? 4 முதல் 8 வயதுப் பிள்ளைகள்; டெமோவில் எதை நடத்துவது?

கார்டு_பின்பக்கம்
முதல் வேலை, 'சிகாகுகை காத்சுதோ கியோக்கா' எனும் அனுமதி; விசா வகைக்கு வெளியே வேலை பார்க்க இது வேண்டும். ஷினகாவாவில் உள்ள இமிக்ரேஷன் அலுவலகத்தில் படிவம், பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு கொடுத்தால் போதும், கட்டணம் இல்லை. வேலை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்றே போடலாம். கைக்கு வர இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். கார்டின் பின்பக்கம் முத்திரை விழுந்த பிறகுதான் முதல் வகுப்பு. விசா புதுப்பிக்கும்போது இந்த அனுமதியையும் சேர்த்துப் புதுப்பியுங்கள், தானாக நீளாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வரம்பு வாரம் 28 மணி நேரம். எந்தக் கிழமையில் எண்ணத் தொடங்கினாலும் அடுத்த 7 நாளுக்குள் 28-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம் என்ற சலுகை உண்டு; டிபென்டன்ட் விசாவுக்கு அது கிடையாது.

பள்ளி தரும் தாளில் 'கியோமு இதாகு' என்று இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். அப்படியென்றால் நீங்கள் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர். வேலை நேரத்தை வெளியிலிருந்து சரிபார்க்க முடியாத ஒப்பந்த வேலைக்கு 28 மணி நேரப் பொது அனுமதி செல்லாது, தனி அனுமதி வாங்க வேண்டும். பகுதிநேர ஊழியராக எடுக்கச் சொல்லி, சம்பளமும் வேலை நேரமும் எழுத்தில் உள்ள 'ரோதோ ஜோக்கென் த்சூச்சிஷோ' கேளுங்கள். அதைக் கொடுப்பது சட்டப்படி அவர்கள் கடமை.

கணக்குப்பிள்ளை
அந்த 1,500-ஐப் பிரித்துப் பாருங்கள். நான்கு வகுப்பு 200 நிமிடம், மூன்று இடைவெளி 30 நிமிடம். அரை மணி முன்னால் வரச் சொல்வார்கள், முடிந்ததும் பொம்மை, மேசை துடைத்து, பெற்றோர் குறிப்பேடு எழுத இன்னொரு அரை மணி. மொத்தம் 4 மணி 50 நிமிடம், கைக்கு 6,000 யென். மணிக்கு 1,240 சொச்சம்தான். 2025 அக்டோபர் முதல் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலியே 1,226. பள்ளி சொல்லிச் செய்யும் தயாரிப்பு வேலைக்கும் கூலி உண்டு. 28 மணிக் கணக்கிலும் அது சேரும். வகுப்புக்கு 2,000 அல்லது தயாரிப்பு நேரத்துக்குத் தனிச் சம்பளம் என்று பேசுங்கள். தயங்கினால் நஷ்டம் உங்களுக்கே.

இன்னொன்று. கணவரின் நிறுவன மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் சார்ந்தவராக இருந்தால், வருமானம் ஆண்டுக்கு 13 லட்சம் யென், அதாவது மாதம் சுமார் 1,08,000-ஐத் தொடாமல் இருக்க வேண்டும். பயணப்படியும் இதில் அடங்கும். தாண்டினால் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் நீங்களே கட்ட வேண்டும். தேசிய ஓய்வூதியம் மட்டும் 2025 நிதியாண்டில் மாதம் 17,510. மணிக்கு 1,500 கிடைத்தால் வாரம் சுமார் 16 மணி நேரத்திலேயே இந்தக் கோடு வந்துவிடும். ஆக, உங்களுக்கு உண்மையான வரம்பு 28 அல்ல.

பட_அட்டை
டெமோவில் விளக்கவுரை வேண்டவே வேண்டாம். பள்ளி பார்ப்பது, பிள்ளைகள் எவ்வளவு வாய் திறக்கிறார்கள் என்பதை. ஐந்தே சொற்கள், ஒரே வாக்கியம். விலங்குப் பட அட்டையை ஒரு புத்தகத்துக்குப் பின்னால் மறைத்து மெல்ல மேலே தூக்குங்கள். காது தெரிந்ததுமே கத்துவார்கள். பிறகு 'ஐ லைக் கேட்ஸ்' என்று கைச்சாடையோடு. கடைசி ஏழு நிமிடம் கருதா: அட்டைகளைத் தரையில் பரப்பி, நீங்கள் சொல்லும் படத்தை அவர்கள் அடித்து எடுப்பது. ஜப்பானியப் பிள்ளைகளுக்கு விதி சொல்லித் தர வேண்டியதில்லை.

கருதாவில் ஒரு வேகமான பிள்ளையே எல்லாவற்றையும் அள்ளும், நான்கு வயதுக்காரர் அழுவார். எல்லோர் கையும் தலைமேல், இருவர் சேர்ந்து ஓர் அணி, எடுத்தவர் வாக்கியத்தைச் சொன்னால்தான் அட்டை அவருக்கு என்று வையுங்கள். சண்டை குறையும், பேச்சு கூடும்.

உச்சரிப்பில் கேட்டை 'கியாட்டோ', பஸ்ஸை 'பஸு' என்று கடைசியில் உயிர் சேர்ப்பார்கள். நாமும் 'பஸ்ஸு' என்கிற கூட்டம்தான், அதனால் முதலில் நம் நாக்கைக் கவனிக்க வேண்டும். கடைசி எழுத்து வந்ததும் கையை மூடிக் காட்டி ஒலியை நறுக்கப் பழக்குங்கள்.

நிஷிகசாய்_வாசி
மிக்க நன்றி. வகுப்பில் ஜப்பானிய மொழி பேசலாமா?

பட_அட்டை
ஆங்கிலம் மட்டும் என்று சொல்லும் பள்ளிகள் நிறைய, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விதி இருந்தாலும் 'இதாய்' (வலிக்கிறது), 'தொய்ரே' (கழிப்பறை) இரண்டும் காதில் விழுந்த உடனே புரிய வேண்டும்.