மாணவர்களின் எலக்ட்ரானிக்ஸ் பிராஜெக்ட்: நடைமுறை எழுத உதவுங்கள்

வணக்கம். மாணவர்கள் கொண்டுவரும் பிராஜெக்ட் சந்தேகமாகத் தெரிந்தால் என்ன செய்வது என்று பள்ளிக்கு ஒரு நடைமுறை எழுதுகிறேன். 2015இல் டெக்சாஸின் இர்விங்கில் 14 வயது மாணவன் கொண்டுவந்த கடிகாரத்தைப் போலி வெடிகுண்டு என்று சந்தேகித்துக் கைவிலங்கு போட்டார்கள். பள்ளியை மட்டும் காலி செய்யவில்லை! பிறகு அவன் மீது வழக்கும் போடவில்லை.

பெயர், வகுப்பு எழுதி ஒட்டச் சொல்லலாம், அது சுலபம். ஆளில்லாமல் கிடக்கும், வயரும் டைமரும் தெரிகிற பெட்டிதான் குழப்பம். யாரும் தொடக்கூடாது, சரி. அப்புறம்? உடனே போலீஸா, செய்தவரைத் தேடுவதா? மாணவனே வந்து சொல்லிவிட்டால், பெற்றோர் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்பது என் கருத்து. (நிஜ ஆபத்து பல நேரம் வீங்கிய லித்தியம் பேட்டரிதான்.)

உங்கள் பள்ளியில் இந்த முடிவை யார் எடுக்கிறார்கள்? எழுத்தில் விதி இருந்தால் பகிருங்களேன்.