அம்மாவுக்கு சுகர் பார்டர்ல இருக்கு, நைட் சாப்பாட்டுக்கு ஐடியா குடுங்க
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயசு, திருநெல்வேலி பக்கம் கிராமத்துல இருக்காங்க. போன வாரம் டெஸ்ட் எடுத்ததுல ஹெச்பிஏ1சி (கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்த டெஸ்ட்) 6.1 வந்திருக்கு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் ப்ரீ டயபடிஸ், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணிட்டு மூணு மாசம் கழிச்சு பாப்போம்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

காலைல இட்லி, மதியம் தட்டு நிறைய சோறு, கூடவே உருளைக்கிழங்கு பொரியல், நைட் தோசை, நடுநடுவுல சீனி போட்ட டீ, இதான் இத்தன வருஷமா ஓடுது. இப்ப டீக்கு அரை ஸ்பூன் சீனிதான். மதியம் முதல்ல ஒரு கிண்ணம் அவரைக்காயோ கீரையோ சாப்பிட்டுட்டு அப்புறம் ஒரு கப் சோறு, சாப்பிட்டதும் படுக்காம முத்தத்துல பத்து பதினஞ்சு நிமிஷம் நடக்குறாங்க.

நைட்டுதான் சிக்கல். அப்பாவுக்கு தோசை இல்லாம ஆகாது, ரெண்டு பேருக்கும் தனித்தனியா செய்ய அம்மாவால முடியாது. பாசிப்பயறு அடை ஒருநாள் செஞ்சாங்க, அப்பாவும் சாப்பிட்டுட்டாரு. பக்கத்து வீட்டு அக்கா கேப்பைக் கூழ் குடிக்கச் சொல்றாங்க, ஆனா நைசா அரைச்சு கூழா காச்சுனா அதுவும் சுகர சீக்கிரம் ஏத்திரும், சிறுதானியம்னாலும் அளவு வேணும்லா.

ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுற மாதிரி பயறு, காய் அதிகமா இருக்குற நைட் டிபன் என்னல்லாம் செய்றீங்க? அம்மாவுக்கு முட்டி வலி வேற, உக்காந்துட்டே செய்ற எக்சர்சைஸ் தெரிஞ்சாலும் சொல்லுங்க. பொடி, லேகியம் மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.