மாட்டின் முதல் வயிற்றுக்குள் எது செரிக்கிறது, எது செரிக்காமல் வருகிறது: உங்கள் அனுபவம்?

நைலான்பை:
படிக்கிற காலத்தில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. விலாவில் துளை போட்டு மூடி வைத்த மாடு, உள்ளே சங்கிலியில் கட்டிய நைலான் பைகள். ஒவ்வொன்றிலும் எடை போட்ட தீவனம்; குறைந்த எடைதான் செரித்த அளவு. 48 மணி நேரம் கழித்து, தோள்வரை கையுறை மாட்டிக் கையை விட்டேன். குளிக்கிற வெந்நீரின் சூடு. மிதக்கும் நார்ப்படலம் ஈரப்போர்வை மாதிரி கையைச் சுற்றிக்கொண்டது. திடீரென்று வயிறு சுருங்கி முழங்கையை ஒரு பிடி பிடித்துவிட்டது. சங்கிலியை இழுத்ததும் பைகள் வந்தன. வைக்கோல் பையில் பாதிக்கு மேல் அப்படியே. பிண்ணாக்குப் பையில் கொஞ்சம் வண்டல். மக்காச்சோள மாவுப் பை ஒன்று சுத்தமாகக் காலி. "முழுக்கச் செரித்துவிட்டது, எழுது" என்றார் வழிகாட்டி. எழுதிவிட்டேன். அப்புறம் அலசும்போதுதான் பார்த்தேன், அடித்தையலில் விரல்நுனி நுழையும் ஓட்டை. வாயைத் திறக்கவில்லை.

சல்லடை:
ஓட்டை இல்லாவிட்டாலும் மாவு பையின் கண் வழியாகவே கொஞ்சம் நழுவும். பையை விட்டுப் போனதெல்லாம் செரித்ததாகத்தானே கணக்கு? வயிற்றில் போடாமல் வெறுமனே அலசிய பை ஒன்றையும் எடை போட்டீர்களா?

என்னிடம் பையெல்லாம் இல்லை, சாணம்தான். ஒருநாள் அதைச் சல்லடையில் கொட்டிக் குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர் ஓடி முடிந்தபின் ஒரு கைப்பிடி முழு மக்காச்சோளம், தோலில் கீறல்கூட இல்லாமல். கோழி வந்து கொத்திக்கொண்டு போனது. தோல் உடையாவிட்டால் நுண்ணுயிரிக்கு உள்ளே வழியே இல்லை. அன்றிலிருந்து மாவாக அரைத்துத்தான் போடுகிறேன்.

இடதுவிலா:
மாவாக அரைக்காதீர்கள், சல்லடை. இரண்டாக மூன்றாக உடைத்தால் போதும். எங்கள் பசு ஒருநாள் இரவு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அரை மூட்டை மாவைத் தின்றுவிட்டது. காலையில் அசைபோடவில்லை. இடது விலாவில் காதை வைத்தேன். எப்போதும் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தூரத்து இடி மாதிரி உருளும். அன்று ஒன்றுமே இல்லை. முஷ்டியால் அழுத்தியபோது குடத்துத் தண்ணீர் மாதிரி களக் என்றது. சாணம் நுரைத்து, புளித்த வாடை. மருத்துவர் குழாய் விட்டு எடுத்த நீரில் அமிலத்தாளை நனைத்தார், pH 5-க்கும் கீழே; அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும். ஆறுக்கு மேல் இருக்க வேண்டியது. மாவு சீக்கிரம் செரித்து அமிலமாவதுதான் அங்கே வினையே. பிழைத்தது, ஆனால் பழைய பால் திரும்பவில்லை.

வைக்கோல்போர்:
எங்கள் மாடும் வைக்கோலைத் தின்று இளைத்தது. எல்லோரும் இதைச் செய்து பாருங்கள். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். 7 வாக்கில் இருந்தால்தான் நார் செரிக்கும் நுண்ணுயிரிகள் ஒழுங்காகப் பெருகும். அதற்குத்தான் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வையுங்கள். திறந்ததும் அப்படியே போடாதீர்கள், அம்மோனியா கண்ணைக் கரிக்கும், ஆறவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டவே வேண்டாம். கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தத் தீவனத்தையும் திடீரென்று மாற்றாதீர்கள், இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைமசால் என்கிற தீவனப்பயிர் பசுமையாக இருந்தால் வெறும் வயிற்றில் மேயவிடாதீர்கள், நுரை கட்டி உப்பிக்கொள்ளும். அப்புறம் தாது உப்பு...

நைலான்பை:
யூரியாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே ஐயா.

சல்லடை, அலசல் பை இருந்தது. அதிலேயே கால்வாசி போயிருந்தது. கூடப் போட்ட மற்ற இரண்டு மாவுப் பைகளிலும் பத்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. மூன்றையும் சேர்த்துத்தான் சராசரி போட்டேன்.